திருப்புளி எங்கிட்ட இருக்குது

திருப்புளியைத் தேடாதே மாப்ள. அது என்ற கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்குது. நேத்துப் பொழுதோட நீ களத்துல குக்கி உக்காந்துக்கிட்டு, அந்த ரிமோட் காரோட கார்ப்பரேட்டர்ல இருக்கற ரெண்டு ஊசியையும் மாத்தி மாத்தித் திருகறதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் அரைச் சுத்து, பொறவு செல்போனைப் பாக்கறது, மறுக்கா இந்தப் பக்கம். பெங்களூர்ல கம்ப்யூட்டரையும் இப்படித்தான் ரிப்பேர் பண்றீங்களா? சம்பளம் மாசாமாசம் தவறாம வருதுன்னு உங்கம்மா சொல்றா. ஆச்சரியமாத்தான் இருக்குது.

உக்காரு. காப்பி வருது. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் ஊசிப் பக்கம் கை போகக் கூடாது.

பொம்மைக் காருன்னு நான் சொல்லமாட்டேன், நீ கோவிச்சுக்குவே. அஞ்சுல ஒரு பங்கு அளவு, ரெண்டரை அடி நீளம், தூக்குனா பத்துக் கிலோ வருது. மேல் கூட்டைக் கழட்டி எஞ்சினைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஜெனோவா ஜி230, சப்பான் சரக்கு. 32 மில்லிமீட்டர் போரு, 28 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கு, கணக்குப் போட்டா 22.5 சிசி, டூ ஸ்ட்ரோக். அந்தக் கம்பெனியை, மரம் அறுக்கற மிசின் பண்ற ஸ்வீடன்காரன் ஹஸ்க்வர்னா 2007லயே வாங்கிட்டான். கார்ப்பரேட்டர்ல வால்ப்ரோன்னு பேரு அடிச்சிருக்குது. நம்ம தென்னந்தோப்புல பில்லு வெட்டற மிசினு கெடக்குதே, அதுல இருக்கறதும் இதே ரகம் எஞ்சினு, இதே ரகம் கார்ப்பரேட்டருதான். நீ பவுன் வெலை குடுத்து வாங்கியாந்து, ஏ.சி. பஸ்ல சீட்டுப் போட்டுக் கூட்டியாந்தது, நாலு சக்கரம் மாட்டுன பில்லு மிசினு மாப்ள. அதனாலதான் உனக்குப் புரியாதது எனக்குப் புரியுது.

சரி, ஒரு கேள்வி. எஞ்சினுக்குள்ள பெட்ரோல் போயிச் சேருதா, சேரலையா?

பாத்தியா, மலங்க மலங்க முழிக்கறே. பிளக்கைக் கழட்டியே பாக்கலை. கயித்தை எட்டுப் பத்து இழு இழுத்துட்டு உடனே பிளக்கைக் கழட்டோணும். மூக்கு நனைஞ்சிருந்தா பெட்ரோல் வந்துருச்சு, கோளாறு பொறியில. பிளக் சந்து 0.6, 0.7 மில்லிமீட்டர் இருக்குதா, காயில் ஒயரு அறுந்திருக்குதா, ஆஃப் சுவிட்சு ஒட்டிக் கெடக்குதான்னு அந்தப் பக்கம் போயிரு. மூக்குக் காஞ்சு கெடந்தா பெட்ரோலே வரலை, இந்தப் பக்கம் வா. நீ நேத்து ரெண்டு மணி நேரம் வைத்தியம் பாத்தே, நோவு எந்தப் பக்கம்னே உனக்குத் தெரியாது. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தா, அது நீயே கட்டிவுட்ட வெள்ளம். ஆஃப் சுவிட்சைப் போட்டுட்டு, பிளக் இல்லாம, திராட்டிலை முழுசாத் தொறந்து வெச்சு நாலஞ்சு இழு இழுத்தா, உள்ள நின்னது வெளியில தெறிச்சுரும். அந்த ஓட்டைக்கு நேரா மூஞ்சியைக் குடுக்காதே. பீடி பத்த வெச்சுக்கிட்டு எவனாச்சும் வேடிக்கை பாக்க வந்தா, மொதல்ல அவனைத் தொரத்து. அவன் உங்க சித்தப்பனா இருந்தாலும் சரி.

இப்ப பெட்ரோல் வர்ற வழியிலயே நடப்போம். கேன்ல இருந்து ஆரம்பி. கார்ப்பரேட்டர்ல இருந்து ஆரம்பிக்கறவன் பூராப் பேரும் கடைசியில கேனுக்குத்தான் வர்றான், நடுவுல ஒரு செட்டுப் பார்ட்டு வாங்கி மாத்திட்டு.

இந்தப் பெட்ரோல் எப்ப வாங்குனது? தீபாவளிக்கா? இப்ப தை மாசம் நடக்குது கண்ணு. மூடியைத் தொறந்து மோந்து பாரு. பெட்ரோல் வாசமா வருது? பழைய பெயிண்ட் டப்பா வாசம் வருது. ஆயில் கலந்து ஒரு மாசத்துக்கு மேல வெச்ச பெட்ரோலை நம்பி நான் பில்லு மிசினைக்கூட எடுக்கமாட்டேன்.

அதுலயும் இப்ப பங்க்ல ஊத்தறது இ20. நூத்துக்கு 20 பங்கு எத்தனால். 2023ல அங்கொண்ணு இங்கொண்ணு பங்க்ல ஆரம்பிச்சாங்க, 2025ல எங்க போனாலும் அதுதான்னு ஆயிருச்சு. எத்தனாலுக்குத் தண்ணி மேல நெம்ப ஆசை. மூடி லேசா இருக்கற கேன்ல கெடந்தா, காத்துல இருக்கற ஈரத்தைக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்துக்கும். ஒரு அளவைத் தாண்டுனா, இழுத்த தண்ணியோட சேந்து பெட்ரோலை வுட்டுப் பிரிஞ்சு அடியில போயித் தங்கிரும். உன்ற டாங்கியில பெட்ரோல் உறிஞ்சற குழாய் எங்க கெடக்குது? அடியில. ஆக, எஞ்சினுக்கு மொதல் மடக்கே அந்தத் தண்ணிதான். சந்தேகமா இருந்தா கண்ணாடிப் பாட்டில்ல ஊத்தி ராத்திரி பூரா அசைக்காம வெச்சுட்டு, காத்தால வெளிச்சத்துல தூக்கிப் பாரு. நடுவுல கோடு விழுந்து மேல ஒண்ணு கீழ ஒண்ணாத் தெரிஞ்சா, அதைக் காருக்குக் காட்டாதே. கெணத்தடியில கொட்டறதுக்கும் கெளம்பிராதே, அந்தத் தண்ணியைத்தான் நீயும் குடிக்கறே.

ஆயில் கணக்கு என்ன? ‘ஒரு மூடி’ன்னு சொன்னியே, எந்த மூடி? இந்த எஞ்சினுக்கு 25க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ டி ஆயில். டிவிஎஸ் 50 ஓடுன காலத்துல பங்க்ல ஒரு கைப்பம்பு நிக்கும். பையன் ஒரு சுத்துச் சுத்துவான், ஆயிலு எறங்கும், கணக்கு அவன் தலைவலி. இப்ப அந்தப் பம்பும் இல்லை, அந்தப் பையனும் இல்லை. மருந்துக்கடையில பெரிய சிரிஞ்சு ஒண்ணு வாங்கி அளந்து ஊத்து. கட்டுத்தரையில மாட்டுக்கு வெச்சிருக்கற சிரிஞ்சைத் தொட்டே, மாடு உதைக்கறதுக்கு முன்னாடி நான் உதைப்பேன். பொகை வருதுன்னு ஆயிலைக் கொறைக்கறவங்க இருக்கறாங்க. இந்த எஞ்சினுக்குத் தனியா ஆயில் தொட்டி கெடையாது, பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் பெட்ரோலோட வர்ற அந்தச் சொட்டுதான் சோறு. பொகை கொறைஞ்சா கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிப் புடிக்கற வரைக்கும்.

ஆமா, உன்ற சிநேகிதன் ஒருத்தன் நைட்ரோ டின் ஒண்ணு குடுத்தான்னியே, அதைத் திருப்பிக் குடுத்துரு. அது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் ஆயிலும் சேந்தது. குளோ பிளக் வெச்ச சின்ன எஞ்சினுக்கு உண்டானது. அதை இதுல ஊத்துனா கார்ப்பரேட்டர் ரப்பரை நாசம் பண்ணீரும். இதை அதுல ஊத்துனாலும் ஓடாது.

இனி டாங்கி. கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, அப்பறம் தம் கட்டி நின்னுருது, சித்தெ நேரம் கழிச்சு இழுத்தா மறுக்கா ஓடுதுன்னு நேத்து பொலம்புனே. நின்ன ஒடனே டாங்கி மூடியைத் திருகிப் பாத்தியா? ‘புஸ்’ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா வைத்தியம் முடிஞ்சுது. பெட்ரோல் வெளிய போகப் போக அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரோணும். அதுக்குன்னு மூடியில ஒரு சின்னத் தொளை இருக்குது. களத்து மண்ணு அதுல அடைச்சுக்கிட்டா, டாங்கி வெளிய வுடமாட்டேன்னு புடிச்சு இழுக்கும். ஒரு ஊதுல சரியாப் போறதுக்கு நீ ரெண்டு ஊசியையும் கொலைச்சு வெச்சிருக்கறே.

டாங்கிக்குள்ள ஒரு குழாய், அது நுனியில கனமா ஒரு ஃபில்டர். வண்டி எந்தப் பக்கம் சாஞ்சாலும் அந்தக் கனம் பெட்ரோல் இருக்கற பக்கமாப் போயி வுழுகும். வளைஞ்ச கம்பி ஒண்ணுல கொக்கி போட்டு வெளிய இழுத்துப் பாரு. வெள்ளையா இருக்க வேண்டியது காவி கட்டிருந்தா மாத்திரு. குழாய் வெடிச்சிருந்தா அதையும் மாத்து. ஆனா மீன் தொட்டிக்குப் போடற சிலிக்கான் குழாயை வெட்டி மாட்டாதே. பெட்ரோல் பட்டா அது ஊதி மெதுமெதுன்னு ஆயி, சொருகுன எடத்துல கழண்டுக்கும். பெட்ரோல் தாங்கற மஞ்சக் குழாய் விக்குது. நம்ம சந்தைப்பேட்டையில பில்லு மிசினு பார்ட்ஸ் விக்கற கடையிலயே கம்மி வெலைக்குக் கெடைக்கும், ‘ஆர்.சி. காருக்கு’ன்னு சொல்லாம வாங்குனா.

பிரைமர் முட்டையை அமுக்கறியே, அது என்ன பண்ணுதுன்னு தெரியுமா? எஞ்சினுக்குள்ள பெட்ரோலை அடிக்குதுன்னுதானே நெனைச்சே? இல்லை. டாங்கியில இருந்து கார்ப்பரேட்டர் அறைக்கு இழுத்து, மீதியை இன்னொரு குழாய் வழியா டாங்கிக்கே திருப்பி அனுப்புது. அதனால அம்பது தடவை அமுக்குனாலும் அதால வெள்ளம் வராது. எஞ்சினு நனையுதுன்னா சோக்கைப் பாரு, இல்லை உள்ள இருக்கற சின்ன ஊசி அடைக்காம ஒழுகுது. ஆனா அந்த முட்டை கண்ணாடி கணக்கா உள்ள நடக்கறதைக் காட்டிக் குடுத்துரும். பாத்துக்க: அமுக்கி வுட்டா குமிழி மேல குமிழியா வந்துக்கிட்டே இருந்துச்சுன்னா எங்கியோ காத்து இழுக்குது. அமுங்குனது எந்திரிக்காமக் குழி வுழுந்தே கெடந்தா டாங்கி ஃபில்டர் அடைச்சிருச்சு. பெட்ரோலே வரலை, டாங்கியில மட்டும் குமிழி அடிக்குதுன்னா, யாரோ ஒரு புண்ணியவான் ரெண்டு குழாயையும் இடம் மாத்திச் சொருகியிருக்கறான். யாருன்னு நான் கேக்கலை.

அடுத்ததுதான் நெம்பப் பேரை ஏமாத்தறது. முட்டையை அமுக்குனா பெட்ரோல் நிக்குது. கயித்தை இழுத்தா ஒடனே பத்திக்குது. சந்தோசமா எந்திரிக்கறதுக்குள்ள நின்னுருது. மறுக்கா அமுக்கு, மறுக்கா பத்தும், மறுக்கா நிக்கும். இப்படி ஆச்சுன்னா பம்பு வேலை செய்யலை. இந்தக் கார்ப்பரேட்டர்ல மொபெட்டுல இருக்கற மிதவை கெடையாது. மிசினைத் தலைகீழாப் புடிச்சாலும் ஓடோணுங்கறதுக்காக டயாபிரம் வெச்சுப் பண்ணது. எஞ்சினுக்குள்ள பிஸ்டன் ஏறி எறங்கறப்ப கிராங்க் அறையில காத்து ஏறி எறங்குமில்ல, அந்தத் துடிப்பு ஒரு சின்னத் தொளை வழியா வந்து டயாபிரத்தைத் தட்டுது, அது பெட்ரோலை இழுக்குது. கார்ப்பரேட்டரைக் கழட்டித் தொடைச்சு மாட்டறப்ப கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டுட்டா அந்தத் தொளை மூடிக்கும். துடிப்பு வராது. மத்தது எல்லாம் புதுசா இருந்தாலும் எஞ்சினு முட்டையில நின்ன அந்த ஒரு வாய் பெட்ரோலைக் குடிச்சுட்டுச் சாஞ்சுரும். நீ போன வாரம் கழட்டுனியா? கேக்கறதே தப்பு, உன்ற வெரல் நகத்துலயே இருக்குது சாட்சி.

தொளை சரியா இருந்தா அப்பத்தான் டயாபிரம். நாலு இஸ்குரூ இருக்கற மூடியைக் கழட்டு; அதுக்கு மட்டும் திருப்புளி குடுக்கறேன், என் கண்ணு முன்னால வெச்சு. கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்க, கேஸ்கட்டு மேலயா டயாபிரம் மேலயான்னு ஒவ்வொரு பக்கமும் வரிசை வேற. வெளிய எடுத்ததைக் காதுக்குப் பக்கத்துல வெச்சு வெரலால மெதுவா அமுக்கு. நல்லதா இருந்தா சத்தமே வராது, தொவண்டு குடுக்கும். கெட்டதா இருந்தா பழைய அப்பளமாட்ட மொறுக்குன்னு சொல்லும். மொறுக்குன்னா அது வளையாது, வளையலைன்னா உள்ள இருக்கற அந்தச் சின்ன ஊசியைத் தொறக்காது, தொறக்கலைன்னா பெட்ரோல் இல்லை. எத்தனாலும் வருசமும் சேந்து பண்ற வேலை அது. இன்னொரு பக்கத்து மூடிக்கு அடியில நகத்தளவு ஒரு வலை இருக்கும், அதுல மண்ணு ஒட்டியிருக்குதான்னு பாரு. கம்பி வுட்டுக் குத்தாதே. டயாபிரம், கேஸ்கட்டு, வலை எல்லாம் ஒரே கிட்டா விக்குது, வெலை கம்மி. காரு வெலையைத்தான் பொண்டாட்டிகிட்டப் பாதியாச் சொல்லியிருக்கறே, கிட்டு வெலையை முழுசாவே சொல்லலாம்.

திராட்டிலை வுட்ட பின்னாடியும் எஞ்சினு எறங்காமக் கத்திக்கிட்டே நின்னா, அது பெட்ரோல் கோளாறு மாதிரி வேசம் போட்ட காத்துக் கோளாறு. கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற போல்டு அதிர்ச்சியில லூசாயிருக்கும். அந்தச் சந்துல சோப்புத் தண்ணியைத் தடவிப் பாரு. நொரை கட்டுனாலோ சத்தம் மாறுனாலோ அங்கதான் ஓட்டை. சைலன்சர் பக்கம் கையைக் கொண்டு போகாதே. சூடுன்னு நான் சொல்லித்தான் தெரியோணுமா, போன தடவை வெரலைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சது யாரு?

ஊசியைத் திருகித் திருகியே ஒரு எஞ்சினைக் கொன்ன கதை சொல்றேன் கேளு. மேக்க ஊர்ல ஒரு பையன், உன்ற வயசுதான், இதே காரு. காத்து ஃபில்டரைத் தொவைக்கறதே இல்லை. மண்ணு ஏற ஏற காத்து கம்மியாச்சு, எஞ்சினு கருப்பாப் பொகைச்சு மந்தமாப் போச்சு. அவன் என்ன பண்ணான், பெட்ரோல் சாஸ்தியாயிருச்சுன்னு, முழு வேகத்துக்கு உண்டான எச் ஊசியை உள்ள திருகுனான். நல்லா ஓடுச்சு. இன்னுங் கொஞ்சம் மண்ணு, இன்னுங் கொஞ்சம் திருகு. நல்லாவே ஓடுச்சு. ஒரு நாள் யாரோ புத்தி சொன்னாங்கன்னு ஃபில்டரைத் தொவைச்சு, பளிச்சுன்னு மாட்டி, முழு வேகத்துல வுட்டான். இப்பக் காத்து பூராவும் வருது, பெட்ரோலு மட்டும் பாதி. பெட்ரோல் பாதின்னா ஆயிலும் பாதி. எஞ்சினு ஒரு பாட்டுப் பாடுச்சு பாரு, அவ்வளவு வேகத்தை அவன் பாத்ததே இல்லைங்கறான். பாட்டு முடியறதுக்குள்ள பிஸ்டன் புடிச்சுக்கிச்சு. ஃபில்டரைத் தொவைச்சதுதான் தப்புன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

இவ்வளவும் பாத்து, புதுப் பெட்ரோல் ஊத்தி, ஃபில்டர் சுத்தமா இருந்தா, அப்ப ஊசி. இந்தா திருப்புளி. கையி நடுங்குது பாரு ஆசையில. ரெண்டையும் மெதுவா உள்ள திருகு. தட்டுன ஒடனே நிறுத்தோணும், இறுக்குனா ஊசி மூக்கும் போச்சு, அது உக்கார்ற எடமும் போச்சு. அங்கிருந்து, மெது வேகத்துக்கு உண்டான எல் ஊசி ஒண்ணேகாலு, எச் ஊசி ஒண்ணரைச் சுத்து வெளிய வை. அது ஆரம்பக் கணக்குதான். நல்லாச் சூடேறட்டும். பொறவு எட்டுல ஒரு பங்கு சுத்து, ஓட்டிப் பாரு, மறுக்கா எட்டுல ஒரு பங்கு. ஐடில்ல இருந்து சடக்குன்னு திராட்டில் குடுத்தா தொண்டை அடைச்சு நிக்குதா, எல் ஊசியைக் கொஞ்சம் வெளிய வுடு. முழு வேகத்துல சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருந்து, வண்டி பாரம் இழுக்கறப்ப தெளிஞ்சா எச் சரி. கீச்சுன்னு சுத்தமாப் பாடுனா வெளிய வுடு. இ20க்குப் பெட்ரோல் கொஞ்சம் சாஸ்தி வேணும், அதனால பழைய புஸ்தகக் கணக்கை வுட ஒரு இம்மி வெளியவே இருக்கட்டும். பிளக் மூக்கு காப்பிக் கலரா இருந்தா நிம்மதியாத் தூங்கலாம். வெள்ளையா வெளுத்திருந்தா ஊசியை வெளிய வுடு. கருப்பா ஈரமா இருந்தா உள்ள, ஆனா அதுக்கு முன்னாடி ஃபில்டரைப் பாரு, அந்தப் பையன் கதைதான்.

நீ ஞாயித்துக்கெழமை ராத்திரி பஸ் ஏறிருவே. சித்திரைக்குத்தான் மறுக்கா வருவே. அது வரைக்கும் டாங்கியில பெட்ரோலோட நிறுத்துனா, உள்ள காஞ்சு பிசுக்குப் புடிச்சு ஊசிச் சந்தெல்லாம் அடைச்சுக்கும், புது டயாபிரமும் வெறைச்சுப் போகும். டாங்கியைக் காலி பண்ணி, கார்ப்பரேட்டர்ல இருக்கறது தீந்து தானா நிக்கற வரைக்கும் ஓட வுடோணும். கீழ ஊத்தறதுக்கு எனக்கு மனசு வராது, லிட்டரு நூறு ரூவாய்க்கு மேல விக்குது. தெனமும் பொழுதோட களத்துல கொஞ்சங் கொஞ்சமா ஓட்டித்தான் தீக்கோணும். அந்தச் செரமத்தை நான் பாத்துக்கறேன், ரிமோட்டை வெச்சுட்டுப் போ. போறப்ப அஞ்சு லிட்டரு புதுசாக் கலந்து கேன்ல வெச்சுரு. காலி பண்றதுன்னா முறையாப் பண்ணோணுமில்ல. 200 மில்லி ஆயிலு, மறந்துராதே.